பேட்ச் தரவேண்டியது யார்?

மார்த்தாண்டத்தில் வாங்கிய கணினி விளையாட்டு டிஸ்க்கில் ஸ்டீம் பேட்ச் (ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் பதிப்புக்கான பிழைதிருத்தக் கோப்பு) ஏறவில்லை, உருவாக்கிய நிறுவனமும் வெளியீட்டாளரும் மாறி மாறிக் கைகாட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பிழையைத் திருத்த முடிந்தவர் சோர்ஸ் கோடு, அதாவது விளையாட்டின் மூல நிரல், வைத்திருப்பவர்தான், பெரும்பாலும் உருவாக்கியவர். ஆனால் வெளியீட்டாளர் தன் பதிப்பில் வேறு நகல்தடுப்பு சேர்த்திருந்தால் இயங்கும் கோப்பே மாறிவிடும். வேறு பதிப்புக்கான பேட்ச் அதை ஏற்காது. அதற்குப் பொருந்தும் பேட்சை வாங்கித் தருவது, உங்களிடம் காசு வாங்கிய வெளியீட்டாளரின் கடமை. நாகர்கோவிலில் வாங்கிய ஒரு டிஸ்க்கோடு நானும் மாதக்கணக்கில் அலைந்தேன், வயிறு எரிந்தது.

சரி, முதலில் உறைக்குள் இருக்கும் கீயை (எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) ஸ்டீமில் போட்டுப் பாருங்கள். சில விளையாட்டுகளுக்கு ஏற்கும். இல்லையென்றால் பதிப்பு எண், பிழைச் செய்தியின் படம், பில் எல்லாவற்றையும் வெளியீட்டாளருக்கே அனுப்புங்கள். நகல்தடுப்பை உடைக்கும் கிராக் கோப்பை மட்டும் தொடாதீர்கள், வைரஸ் வரலாம்.