ஒரு மணி நேர ஆட்டத்துக்கு ஒரு லட்சமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். வரும் தை மாதம் எனக்குத் திருமணம். முகூர்த்தம் அதிகாலை 4.30 முதல் 6 மணி வரை. முதல் நாள் மாலை 6.30 மணிக்கு அதே மண்டபத்தில் வரவேற்பு. மண்டபம், சாப்பாடு, நகை, புடவை எல்லாம் அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்திலும் என் சேமிப்பிலும் அடங்கிவிட்டன. வரவேற்புக்கு டிஜே வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் நண்பர்களும் என் தம்பியும் பிடிவாதமாக இருக்கிறார்கள். விசாரித்தோம். ஐந்து மணி நேரத்துக்கு டிஜே, ஸ்பீக்கர், லைட் சேர்த்து 45,000. எல்இடி நடனத் தளம் 25,000. புகை இயந்திரமும் பூவாணமும் 15,000. ஜிஎஸ்டி தனி என்றார்கள். டிஜே வைத்தால் ஜெனரேட்டரில்தான் ஓட்ட வேண்டும், மணிக்கு 2,000 என்கிறது மண்டபம். பாட்டு உரிமக் கட்டணம் என்று 8,000 வேறு கேட்கிறார்கள். ஒரு லட்சம் ரூபாய் தனிநபர் கடன் 14 சதவீத வட்டியில், மூன்று ஆண்டுத் தவணையில் கிடைக்கும். மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்கிறார் அம்மா. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அதற்காக டிஜேவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்தில் ஆடிப் பாட ஆசைப்படுவதை ஊதாரித்தனம் என்று திட்டுகிற ஆள் நானில்லை. நீங்கள் கேட்டு வாங்கிய விலைப்பட்டியலில்தான் எனக்குச் சண்டை.

முதலில் முழுத் தொகையைப் பாருங்கள். உங்களிடம் சொன்னது 85,000. 18 சதவீத ஜிஎஸ்டி 15,300. ஐந்து மணி நேர ஜெனரேட்டர் 10,000. உரிமக் கட்டணம் 8,000. மொத்தம் 1,18,300 ரூபாய். நீங்கள் வாங்க நினைக்கும் கடனே இதற்குப் போதாது.

இனி அந்த மாலையை மணிக்கணக்கில் ஓட்டிப் பாருங்கள். 6.30 என்று பத்திரிகையில் அச்சடித்தாலும் மணமக்கள் மேடை ஏற 7 மணி ஆகும். அதன் பிறகு வரிசை தொடங்கும். பெரியப்பா குடும்பம், அப்பாவின் அலுவலக நண்பர்கள், உங்கள் நிறுவனத்தினர் என்று ஒவ்வொரு குழுவும் மேடையேறி, பரிசைக் கொடுத்து, போட்டோ எடுத்து இறங்கும்வரை நீங்கள் இருவரும் நின்ற இடத்தை விட்டு அசைய முடியாது. நிகழ்ச்சி கேட்க வேண்டிய கூட்டமோ இலை போடும் இடத்தில் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கும். இந்த நேரத்தில் டிஜே எவ்வளவு நன்றாக வாசித்தாலும் மேடையில் இருப்பவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசுவதுதான் மிச்சம். வரிசை கரையும்போது மணி ஏறக்குறைய 9 ஆகியிருக்கும். ஆட வேண்டியவர்கள் அப்போதுதான் முன்னால் வருவார்கள்.

10 மணிக்குச் சத்தத்தை நிறுத்த வேண்டும். ஒலி மாசு விதிகள், 2000 இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. முழுக்க மூடிய அரங்கின் உள்ளேயே கேட்கும் ஒலிக்கு விலக்கு உண்டு. ஆனால் ஜன்னல் திறந்த, சாப்பாட்டுக் கூடத்தோடு ஒட்டிய நம் மண்டபங்களில் பேஸ் சத்தம் அடுத்த தெருவரை போகும். சட்டத்தை விட்டுவிட்டாலும், மறுநாள் 4.30 முகூர்த்தத்துக்கு உங்களுக்கு அலங்காரம் செய்பவர் இரண்டு மணிக்கே கதவைத் தட்டுவார். ஆக ஐந்து மணி நேரத்துக்குக் காசு, ஒரு மணி நேர ஆட்டம். அந்த ஒரு மணி நேரத்தின் விலை 1,18,300 ரூபாய்.

கடன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 3,418 ரூபாய், 36 மாதம். திருப்பிக் கட்டும் மொத்தம் 1,23,000 ரூபாயைத் தாண்டும். பரிசீலனைக் கட்டணம் தனி. புதுக் குடித்தனத்தின் வாடகை, அட்வான்ஸ், கேஸ் இணைப்பு எல்லாம் வரும் மாதங்களில் இந்தத் தவணையும் சேர்ந்து நிற்கும்.

அம்மா சொல்லும் மொய்க்கு வருகிறேன். மொய் நோட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் உங்கள் அப்பா முன்பு எழுதியது திரும்பி வருவதாக இருக்கும். இல்லையென்றால் இனி அவர் எழுத வேண்டியதாக இருக்கும். இரண்டாவது வகைக்கு வட்டி இல்லையே தவிர அதுவும் கடன்தான், அதை ஓய்வூதியக் காலத்தில் அவர் தீர்க்க வேண்டும். திருமணத்தின்போது மணமக்களுக்கு வரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது என்பதால் அது வருமானம் ஆகிவிடாது. எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஒரு தொகையை நம்பி, தேதி குறித்துக் கேட்கும் தவணையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு செலவிடலாம்? திருமணத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டால் 35,000 சேரும். கேளிக்கைக்கு அதுதான் எல்லை. வரி, ஜெனரேட்டர், வண்டி வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அப்பாவின் பணத்திலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு வரக்கூடாது. மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்கும் டிஜே என்கிறீர்கள். பாதியை அவர் ஏற்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். இதைத் தரகர் மூலமோ தம்பி மூலமோ கேட்க வேண்டாம். ஏற்றுக்கொண்டால் எல்லையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

35,000-க்கு எதை வாங்குவது? எட்டிலிருந்து பத்து வரை, இரண்டு மணி நேரம் மட்டும். அதற்கு முன் மண்டபத்தின் மைக் செட்டில் உங்கள் தம்பி போனை இணைத்து மெல்லிய பாட்டு ஓடவிட்டால் போதும். நடனத் தளத்தை விட்டுவிடுங்கள். பட்டுப் புடவையும் வேட்டியும் கட்டியவர்கள் கிரானைட் தரையில் ஆடியே பழகியவர்கள். புகையும் வேண்டாம், பூவாணமும் வேண்டாம். பூவாணத்தை அனுமதிக்காத மண்டபங்களும் உண்டு.

நேரத்தைக் குறைத்தால் விலையும் அதே விகிதத்தில் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். வண்டியும் ஆட்களும் சாமான் ஏற்றி இறக்கும் வேலையும் ஒன்றுதான் என்பார்கள். அது நியாயமான பேச்சு. எனவே பேரத்தை நேரத்தில் தொடங்காமல் சாமானில் தொடங்குங்கள். எத்தனை டாப் ஸ்பீக்கர், எத்தனை பேஸ் ஸ்பீக்கர், எத்தனை லைட் என்று எழுதி வாங்குங்கள். திறந்தவெளி நிகழ்ச்சிக்கான ஸ்பீக்கர் அடுக்கை 500 நாற்காலி மண்டபத்துக்குக் கொண்டு வருவதில்தான் பாதிக் காசு போகிறது. இன்னொன்று, இந்தப் பேச்சை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்தில் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு வேலை குறைவு, அட்வான்ஸ் வாங்கும் மனநிலையில் இருப்பார்கள். தை நெருங்கிவிட்டால் பேரம் அவர்கள் கையில்.

25,000-க்குப் பேசி முடித்தால் வரி 4,500, ஜெனரேட்டர் 4,000, ஆக 33,500. மிச்சம் 1,500 வண்டி வாடகைக்கும் சில்லறைக்கும். ஜிஎஸ்டி கேட்பவரிடம் 15 இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு, ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

8,000 ரூபாய் உரிமக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு மதச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய விழாக்களும் அதில் அடங்கும் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. 2023 ஜூலையில் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை இதை நினைவூட்டிப் பொது அறிவிப்பே வெளியிட்டது. அதை அச்செடுத்து மண்டப மேலாளரிடம் காட்டுங்கள். அப்படியும் கேட்டால் யாருக்குப் போகிற பணம், எந்த ரசீது என்று எழுத்தில் கேளுங்கள்.

அட்வான்ஸ் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பணத்தை யுபிஐயில் அனுப்பி, திருமணத் தேதியைக் குறிப்பில் போடுங்கள். வரப்போகும் டிஜே யார், கூடுதல் நேரத்துக்கு என்ன கட்டணம், நெருங்கிய உறவில் துக்கம் நேர்ந்து வரவேற்பு தள்ளிப்போனால் அட்வான்ஸ் புதிய தேதிக்குச் செல்லுமா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். சாமான் இறங்கி, ஒலி சரிபார்த்த பிறகு 40 சதவீதம். கடைசி 30 சதவீதத்தை 10 மணிக்குப் பாட்டு நின்ற பிறகு கொடுக்க வேண்டும். அன்று இரவு உங்களால் மேடையை விட்டு இறங்கி வந்து கணக்குப் பார்க்க முடியாது. மொய் எழுதும் மேசையில் இருப்பவர்களிடமும் இதைத் தள்ளாதீர்கள். டிஜே கேட்டுப் பிடிவாதம் பிடித்த தம்பியிடமே அந்தக் கவரைக் கொடுத்துவிடுங்கள்.