காலியாகக் கிடக்கும் அணை வெள்ளத்தை எப்படித் தடுக்கும்?

காலியாக இருப்பதுதான் அதன் பலம். ஏற்கெனவே நிரம்பிய அணையில் புது வெள்ளத்துக்கு இடம் ஏது? அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்து மயாமி பள்ளத்தாக்கில் உள்ள ஐந்து மண் அணைகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1913 மார்ச்சில் டேட்டன் நகரம் மூழ்கியது. பள்ளத்தாக்கில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இனி இப்படி நடக்காமல் தடுக்க, பரண்களில் ஏறித் தப்பியவர்கள் உட்பட ஊர்மக்களே 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு! பொறியாளர் ஆர்தர் மார்கன் திட்டமிட, 1918-ல் தொடங்கிய அணை வேலை 1922-ல் முடிந்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே கொட்டிக் கரையை எழுப்பினார்கள்.

சரி, எப்படி வேலை செய்கிறது? மதகுக் கதவே கிடையாது. அடியில் ஒரு கான்கிரீட் வழி எப்போதும் திறந்தே இருக்கும். சாதாரண நாளில் ஆறு அதில் தன்பாட்டுக்கு ஓடும். வெள்ளம் வந்தால் அந்த வழி கொள்ளும் அளவுதான் வெளியேறும். மீதி பின்னால் தேங்கி, அப்புறம் தானாகவே வடிந்துவிடும். யாரும் ராத்திரியில் ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டியதில்லை. 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் கூடுதலாக வந்தாலும் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஐந்தில் ஒன்றான ஹஃப்மன் அணையின் தேக்கப் பகுதிக்குள் வந்த ஆஸ்பர்ன் என்ற ஊரை, வீடுகளைப் பெயர்த்து நகர்த்தி மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள்.