எழுத்துக்கு நாள் வைப்பதற்கு முன்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 27, தனியார் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. எனக்குப் பேசியிருப்பவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர், லண்டனில் வேலை செய்கிறார். போன வருடம் இங்கே வந்து எங்களோடு பழகிவிட்டுப் போனார். ஆவணியில் அவர் வரும்போது எழுத்தை, அதாவது விவாகப் பதிவை, முடித்துவிட்டு, பிறகு ஃபியான்சே விசாவில் (அங்கே போய் மணம் முடிப்பவர்களுக்கான விசா) நான் போய் அங்கே தாலி கட்டலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். அவருடைய அம்மா நோயாளி, விமானத்தில் வர முடியாது. ஏஜென்ட் ஒருவர், விசிட் விசாவில் போய் அங்கேயே கல்யாணம் செய்து விசாவை மாற்றுவதுதான் மலிவு என்கிறார். அவருடைய சம்பளம் வருடத்துக்கு 24,500 பவுண்ட். தேவையென்றால் அப்பா நிலாவெளிக் காணியை விற்றுத் தருவார். எந்த வழியில் போவது?

பதில்: முதலில் அந்த ஆவணி எழுத்தை நிறுத்தி வையுங்கள். எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த விசா, எந்தப் பணத்தில் என்று தெளிவாகும் வரை நாள் வைக்க வேண்டாம் என்கிறேன்.

காரணம் இதுதான். எங்கள் வீடுகளில் எழுத்தைக் கல்யாணத்துக்கு முந்திய ஒரு காரியமாகத்தான் பார்க்கிறோம். எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும் வரை பெண் தாய் வீட்டில்தான். சட்டத்தில் அப்படி ஓர் இடைநிலை கிடையாது. பதிவாளருக்கு முன்னால் இருவரும் கையெழுத்து வைத்த நேரத்திலிருந்து நீங்கள் கணவன் மனைவி. ஃபியான்சே விசாவோ இன்னும் மணமாகாதவர்களுக்கு உரியது. எழுத்து முடிந்தபின் அந்த விசாவுக்குப் போவதென்றால் படிவத்தில் மணமாகாதவர் என்று எழுத வேண்டிவரும், அது பொய். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவு செய்தால் பிரித்தானியா பத்து வருடம் வரை அடுத்தடுத்த விண்ணப்பங்களையும் மறுக்கலாம்.

எழுத்தை வைக்காமல் பத்திரகாளி அம்மன் கோயிலில் தாலியை மட்டும் கட்டிவிட்டு ஃபியான்சே என்று போகலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அதுவும் வேண்டாம். பதிவு இல்லாவிட்டாலும் முறைப்படி நடந்த இந்துத் திருமணத்தை எங்கள் நீதிமன்றங்கள் செல்லுபடியானது என்று ஏற்ற வழக்குகள் உண்டு. கூறைச் சேலையும் தாலியுமாக எடுத்த படங்கள் எப்படியும் வெளியே வரும். அப்போது நீங்கள் மணமானவரா இல்லையா என்ற கேள்விக்கு உங்களிடம் நேரான பதில் இருக்காது.

எழுத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதை உங்கள் அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எழுத்து முடிந்து, விசா மறுக்கப்பட்டு, இரண்டு குடும்பமும் மனம் கசந்து போனால், 'சரி, விட்டுவிடுவோம்' என்று பிரிய முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட வேண்டும். பொதுச் சட்டத்தில் அதற்கு மூன்றே காரணங்கள்: திருமணத்துக்குப் பின் பிறருடன் தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது அதற்கொத்த இயலாமை. விசா கிடைக்கவில்லை என்பது அதில் இல்லை. ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாமல் கையெழுத்தால் மட்டும் மனைவியாகி, வருடக்கணக்கில் வழக்குக்கு அலையும் பெண்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஏஜென்ட் சொன்னது. சாதாரண விசிட் விசாவில் போய் அங்கே திருமணம் செய்யவோ அதற்கு அறிவித்தல் கொடுக்கவோ விதி இடம் தரவில்லை. திருமணத்துக்கென்றே ஒரு விசிட்டர் விசா உண்டு. ஆனால் அது கல்யாணத்தை முடித்துவிட்டு ஆறு மாதத்துக்குள் திரும்பி வருகிறவர்களுக்கு. இரண்டிலுமே உள்ளே இருந்தபடி மனைவி விசாவுக்கு மாற முடியாது. அவர் மலிவு என்று காட்டும் வழி உங்களைத் திரும்பவும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் கொண்டுவந்து விடும். அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஆக மிஞ்சுவது ஃபியான்சே விசா, ஸ்பவுஸ் விசா (மனைவி விசா) இரண்டுதான். ஃபியான்சே விசாவில் ஆறு மாதம் இருக்கலாம், வேலை செய்ய முடியாது, அதற்குள் அங்கே சட்டப்படி மணம் முடித்து, உள்ளே இருந்தே மனைவி என்ற நிலைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பவுஸ் விசா இங்கே மணம் முடித்துவிட்டுப் போடுவது. 33 மாதம் தருவார்கள், போனதிலிருந்து வேலை செய்யலாம். 2025 ஏப்ரல் கட்டணப்படி இரண்டுக்கும் வெளியிலிருந்து போடும் விண்ணப்பம் 1,938 பவுண்டாக இருந்தது. ஸ்பவுஸ் விசாவுக்கு அதோடு சுகாதாரக் கட்டணம் 3,105 சேர்ந்து 5,043. ஃபியான்சே வழியில் இரண்டாவது விண்ணப்பத்துக்கு 1,321, சுகாதாரக் கட்டணம் ஏறத்தாழ 2,588 என்று மொத்தம் 5,850 அளவில் வந்தது. வருமானத்தையும் சில மாதத்துக்குள் இரண்டு தடவை காட்ட வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்து வருடக் கணக்கில் ஃபியான்சேயாக இருந்த மாதங்கள் சேராது. உங்கள் நிலைமைக்கு ஸ்பவுஸ் விசாதான் என் முடிவு.

ஆனால் பணம் இன்னும் சரிவரவில்லை. 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பொன்சர் செய்பவருக்கு வருட வருமானம் 29,000 பவுண்ட் இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் போன அக்காமார் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஃபியான்சே விசாவுக்கும் இதே தொகைதான், ஆகவே அந்தப் பக்கமும் குறுக்கு வழி இல்லை. உங்கள் ஆசிரியச் சம்பளத்தை இங்கிருந்து விண்ணப்பிக்கும்போது கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அவருக்குக் குறைவது 4,500. வார இறுதியில் இன்னொரு வேலை செய்து அதை நிரப்பலாம், இரண்டு சம்பளத்தையும் கூட்டிக் காட்டலாம். இரண்டு இடத்திலும் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அந்தப் பணம் விழுந்த வங்கிக் கூற்றும் வேண்டும். முடியுமென்றால் இதுதான் சுலபம்.

இல்லாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். அதற்கு ஒரு கணக்கு உண்டு: குறையும் தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் 11,250 உடன் 16,000, ஆக 27,250 பவுண்ட். அது உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ ஆறு மாதம் வங்கியில் இருந்திருக்க வேண்டும். இலங்கை வங்கிக் கணக்கும் செல்லும். நிலாவெளிக் காணி இங்கேதான் வருகிறது. காணி உறுதி (உரிமைப் பத்திரம்) அப்பாவின் பெயரில் இருந்து, அவர் விற்றுப் பணத்தை உங்களுக்குத் தந்தால் அது அன்பளிப்பு. உங்கள் கணக்குக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், கடனல்ல என்று அப்பா எழுதித் தரவும் வேண்டும். அந்தக் காணி ஏற்கெனவே சீதனமாக உங்கள் பெயருக்கு எழுதப்பட்டு ஆறு மாதம் கடந்திருந்தால், விற்ற பணத்தை அந்தக் காத்திருப்பு இல்லாமலே காட்ட முடியும். அதனால் விலை பேசுவதற்கு முன் உறுதியை எடுத்துப் பாருங்கள். ஆனால் ஓர் இரண்டாம் வேலையால் தீரக்கூடிய குறைக்காகக் காணியை விற்க வேண்டாம் என்பேன். கடற்கரைப் பக்கக் காணி போனால் திரும்ப வாங்க முடியாது.

சம்பளச் சீட்டு ஆறு மாதம் நிரம்பும் தறுவாயில் எழுத்துக்கு நாள் வையுங்கள். எழுத்துக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் நாட்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இங்கே பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து 12 நாள் போக வேண்டும். அவருடைய விடுமுறை குறைவென்றால் விசேட அனுமதிப் பத்திரம் எடுக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடம் கேட்கும் பத்திரங்கள் சுற்றறிக்கைகளால் மாறுகின்றன. அவர் டிக்கெட் போடுவதற்கு முன் கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நேரில் கேட்டு எழுதி வாருங்கள். திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்று கேட்டால், அதை எடுக்க முடியுமா, எவ்வளவு நாள் ஆகும் என்று அவர் தன் பகுதிப் பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்கட்டும்.

அவருடைய அம்மாவின் ஆசையை இதில் கைவிட வேண்டியதில்லை. எழுத்து இங்கே, தாலி அங்கே என்று வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. ஆனால் கல்யாணப் படம் இல்லாமல் எழுத்துப் படங்கள் மட்டும் இருந்தால் இது உண்மையான உறவா என்று அதிகாரி யோசிக்கலாம். ஆகவே எங்கள் வழக்கம் என்ன, அம்மாவின் உடல்நிலை என்ன, தாலி எப்போது என்பதை இருவரும் கடிதத்தில் வெளிப்படையாக எழுதி, மருத்துவக் கடிதத்தையும் இணையுங்கள். அவர் போன வருடம் வந்துபோன கடவுச்சீட்டு முத்திரை, விமானச் சீட்டு, நீங்கள் பேசிவரும் வாட்ஸ்அப் பதிவுகள் எல்லாம் பயன்படும்.

ஆங்கிலப் பரீட்சை ஏ1 தரம், பேசுதலும் கேட்டலும் மட்டும், ஆசிரியையான உங்களுக்கு அது பெரிய விஷயமாக இராது. அங்கீகரிக்கப்பட்ட பரீட்சைதானா என்று மட்டும் பாருங்கள். காசநோய்ச் சான்றிதழ் கொழும்பில் எடுக்க வேண்டும், அது ஆறு மாதம்தான் செல்லும். ஆகவே அதைக் கடைசியில் வைத்து, கைரேகை கொடுக்கப் போகும் பயணத்தை ஒட்டியே முடியுங்கள். தமிழில் உள்ள விவாகப் பத்திரத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, அப்பாவின் பெயர் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்களோடு ஒத்திருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள்.