பிரேக் போட்டும் சக்கர நாற்காலி திரும்புவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பக்கத்து வீட்டில் கொடுத்த பழைய சக்கர நாற்காலிதான் வைத்திருக்கிறோம். பிரேக் போட்டிருந்தும், கட்டிலிலிருந்து மாறும்போது நாற்காலி திரும்பி இரண்டு முறை தரையில் உட்கார்ந்துவிட்டார். போன வாரம் லிட்டில் இந்தியாவில் தம்பி ஐந்தடியிலிருந்து (கடை வாசல் நடைபாதையிலிருந்து) இறக்கும்போது முன்னால் சரிந்தார், நல்ல வேளை பிடித்துக்கொண்டோம். பேசாமல் மோட்டார் நாற்காலி வாங்கிவிடலாமா, டாக்டர்? – வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: மோட்டார் நாற்காலியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒன்று: விழுந்தபோது தலையில் அடிபட்டதா? பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலும் இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுவார்கள். அதனால் தலையில் அடிபட்டிருந்தாலோ, தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தாலோ, இதைப் படித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, இப்போது நாற்காலி. ‘திரும்பி’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்தான் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டு பிரேக்கும் பிடிக்கவில்லை என்றால் நாற்காலி நேராகப் பின்னால் ஓடும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால்தான் பூட்டிய சக்கரத்தைச் சுற்றிச் செக்குமாடு மாதிரி திரும்பும். அப்பா வலது பிரேக்கைப் போட்டுவிட்டு இடதை விட்டுவிடுகிறார் என்பது என் சந்தேகம். சாப்பிடும்போது கவனியுங்கள், தட்டில் இடது பக்கச் சோறு அப்படியே கிடக்கிறதா? சவரம் செய்தால் இடது கன்னத்தில் முடி மிச்சம் நிற்கிறதா? மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இப்படி ஆகும். கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கணக்கிலேயே எடுக்காது. ஆகவே “ரெண்டும் போட்டுட்டேம்மா” என்று அவர் சொல்வது பொய் இல்லை. திட்டாதீர்கள்.

இதற்கு ஒரு மலிவான வழி உண்டு. ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் வெட்டி, இடது பிரேக் பிடியில் இறுக்கமாகச் செருகி, சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். கண்ணில் படும், வலது கையாலேயே எட்டிப் போடவும் முடியும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரும்போது மட்டும் அது குறுக்கே நிற்கும், பிரேக்கைப் போட்டபின் உருவி எடுத்துவிடுங்கள். அதோடு, காலி நாற்காலியில் இரண்டு பிரேக்கையும் போட்டுத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். காற்றடிக்கிற டயர் என்றால் முதலில் காற்றைப் பாருங்கள், காற்று இறங்கிய டயரில் பிரேக் சும்மா ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர பிடிக்காது. சைக்கிள் கடையில் ஐந்து நிமிட வேலை.

மாறும்போது எந்தப் பக்கம் போகிறாரோ அது அவருடைய வலது பக்கமாக இருக்கட்டும். கட்டிலிலிருந்து வரும்போது நாற்காலி வலது கைப்பக்கம், திரும்பிப் போகும்போது கட்டில் வலது கைப்பக்கம், அதாவது நாற்காலியின் இடத்தை மாற்றத்தான் வேண்டும். கட்டிலுக்குக் கொஞ்சம் சாய்வாக நிறுத்துங்கள். பாதம் வைக்கும் தட்டுகளை மடக்கிவிடுங்கள், அதன்மேல் ஏறி நின்றால் நாற்காலி அப்படியே முன்னால் கவிழும். அப்புறம், தூக்குகிறேன் என்று இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பலவீனமான தோள்மூட்டு இழுபட்டுவிடும். இடுப்பில் பிடியுங்கள்.

தம்பிக்கு: இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, தம்பி முதலில் கீழே இறங்கி, பெரிய சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக விளிம்பைத் தடவிக்கொண்டு இறங்க, தன் உடம்பால் தாங்கிக்கொள்ளட்டும். செங்குத்தான சரிவிலும் இப்படித்தான். ஜார்ஜ்டவுன் ஐந்தடியில் கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் வேறு. படி உயரமாக இருந்தால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள், அல்லது சுற்றிப் போங்கள். பக்கவாட்டில் கை வைக்கும் பிடியையோ கால்தட்டையோ பிடித்துத் தூக்கினால் பல நாற்காலிகளில் அது கழன்று கையோடு வந்துவிடும், சட்டத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். லோங்காங் (சாக்கடை) மூடியின் இடுக்கில் சின்னச் சக்கரம் மாட்டும், அங்கே முன்பக்கத்தைச் சற்றே தூக்கித் தள்ளுங்கள். கிளம்புமுன் இடது கை மடியில் இருக்கிறதா, கைலி நுனி சக்கரக் கம்பிக்குப் போகிறதா என்றும் ஒரு பார்வை.

மோட்டார் நாற்காலி ஏன் வேண்டாம் என்றேன்? இடது பக்கத்தைக் கவனிக்காதவர் அதை ஓட்டினால் கதவு நிலையில் இடிப்பார், குறுக்கே வரும் பேரப்பிள்ளை மேலும் ஏற்றுவார். முதலில் மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவரைப் பார்த்து இந்தக் கவனக்குறைவைச் சோதிக்கச் சொல்லுங்கள். பயிற்சியால் பலருக்குத் தேறும். போகும்போது அந்தப் பழைய நாற்காலியையும் காரில் போட்டுக்கொண்டு போங்கள். உட்கார்ந்தபின் இடுப்புக்கு இரு பக்கமும் இரண்டு விரல் இடம் இருக்கிறதா, பாதம் தொங்காமல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள்.