மிடி கோப்பை ஆடியோவாக மாற்றுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கீபோர்டில் வாசித்ததை மிடி கோப்பாகச் சேமித்தேன். கீபோர்டில் பிரமாதமாக இருந்த பியானோ, கம்ப்யூட்டரில் போட்டால் பழைய வீடியோ கேம் மாதிரி கேட்கிறது. இரண்டு மூன்று கன்வெர்ட்டர் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. நல்ல கன்வெர்ட்டர் எது?

பதில்: கன்வெர்ட்டர் தேடுவதை முதலில் நிறுத்துங்கள், பிரச்சினை அங்கே இல்லை. மிடி கோப்புக்குள் ஒலி என்று எதுவுமே கிடையாது. நடு ஸ்தாயி ‘சி’ கட்டையை ஓரளவு அழுத்தி அடித்தால் கோப்பில் பதிவாவது 144, 60, 100 என்ற மூன்று எண்கள்தான்: முதல் சேனலில் கட்டை அழுந்தியது, அது 60-ஆம் கட்டை, அடித்த வேகம் 127-க்கு 100. விரலை எடுத்தால் இன்னொரு செய்தி, நடுவில் எவ்வளவு நேரம் போனது என்ற கணக்கு, அவ்வளவே. அதனால்தான் நான்கு நிமிடப் பாட்டு சில பத்து கேபி-யில் அடங்கிவிடுகிறது. அதையே சிடி தரத்தில் வேவ் கோப்பாக ஆக்கினால் 40 எம்பி-யைத் தாண்டும்.

வசனம் ஒன்றுதான், பேசும் ஆளைப் பொறுத்து நாடகம் மாறுகிறது அல்லவா, அப்படித்தான் இதுவும். உங்கள் கீபோர்டில் பேசியது அதற்குள் இருந்த பியானோ ஒலி. கம்ப்யூட்டரில் அதே எண்களை வேறொரு ஒலித்தொகுப்பு பேசுகிறது. விண்டோஸுடன் வரும் தொகுப்பு 4 எம்பி கூட இல்லை, 128 வாத்தியங்களையும் டிரம்ஸையும் அதற்குள் அடைத்தால் பியானோ அப்படித்தான் கேட்கும். நீங்கள் மாற்ற வேண்டியது சவுண்ட்ஃபான்ட். எஸ்எஃப்2 என்று முடியும் கோப்பு அது, நிஜ வாத்தியங்களைப் பதிவு செய்து எந்தக் கட்டைக்கு எந்தப் பதிவு என்று அடுக்கி வைத்த தொகுப்பு. இலவசமாகக் கிடைப்பவற்றில் ஃப்ளூயிட்ஆர்3 ஜிஎம் சுமார் 140 எம்பி, ஜெனரல்யூசர் ஜிஎஸ் சுமார் 30 எம்பி. சின்னது மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் கோப்புகளுக்கு எனக்கு ஜெனரல்யூசர்தான் பிடிக்கும், சத்தத்தின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். பியானோ மட்டும் என்றால் பியானோவுக்காகவே செய்த சவுண்ட்ஃபான்டைத் தேடி எடுங்கள்.

கேள்வி: சரி, சவுண்ட்ஃபான்ட் இருக்கிறது. மிடியை ஆடியோவாக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் டிமிடிட்டி நல்லதா, ஃப்ளூயிட்சின்த் நல்லதா?

பதில்: இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு ஃப்ளூயிட்சின்த். டிமிடிட்டி 1995-இல் பிறந்தது. பிறகு டிமிடிட்டி பிளஸ்பிளஸ் ஆக வளர்ந்து, லினக்ஸில் மிடி என்றாலே அதுதான் என்ற காலமும் இருந்தது. இப்போதும் நன்றாகவே வேலை செய்கிறது. கட்டளை வரியில் கோப்பின் பெயரைக் கொடுத்து, மைனஸ் குறியோடு பெரிய ஓ, சின்ன டபிள்யூ சேர்த்தால் வேவ் வந்துவிடும். ஆனால் எந்த ஒலித்தொகுப்பு என்பதை அதன் கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பில் எழுதி வைக்க வேண்டும், புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான். அந்த வரி தப்பாக இருந்தால் சில வாத்தியங்கள் சத்தமே இல்லாமல் போய்விடும், நீங்கள் மிடி கோப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

ஃப்ளூயிட்சின்த்தில் அந்தத் தொல்லை இல்லை, எந்த சவுண்ட்ஃபான்ட் என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம். மைனஸ் பெரிய எஃப் போட்டு வெளிவர வேண்டிய கோப்பின் பெயர், அப்புறம் சவுண்ட்ஃபான்ட், கடைசியில் மிடி கோப்பு. மைனஸ் போட்ட விருப்பங்கள் எல்லாம் முன்னால் வரட்டும், வரிசை மாறினால் முரண்டு பிடிக்கும். இப்படிச் செய்தால் ஸ்பீக்கரில் வாசிக்காமல் நேராகக் கோப்பில் எழுதிவிடும், நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. எம்பி3 வேண்டுமானால் வரும் வேவை எஃப்எஃப்எம்பெக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளிடம் கொடுங்கள்.

கேள்வி: கட்டளை அடிப்பதெல்லாம் நமக்கு வராது. பட்டன் அழுத்தி வேலை முடிய வழி?

பதில்: மியூஸ்ஸ்கோரில் மிடியைத் திறந்து அப்படியே ஆடியோவாக ஏற்றுமதி செய்யலாம், விரும்பிய சவுண்ட்ஃபான்டையும் அதில் சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அது ஸ்வரக்குறிப்பு எழுதும் மென்பொருள், உங்கள் மிடியை முதலில் குறிப்பாக மாற்றும்போது காலத்தைச் சதுரமாக வெட்டிவிடும். கையால் வாசித்துப் பதிந்த கோப்பு என்றால் அந்த லேசான முன்பின் நெளிவு காணாமல் போய், மெஷின் வாசித்தது போல வரும். அப்படிப்பட்ட கோப்புகளுக்கு எல்எம்எம்எஸ் என்ற இசையமைப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எஸ்எஃப்2 பிளேயர் உள்ளேயே இருக்கிறது. ஆடாசிட்டியில் முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அது ஏற்கெனவே ஒலியாக இருப்பதை வெட்டி ஒட்டத்தான்.

கேள்வி: மாற்றிய கோப்பில் டிரம்ஸ் வர வேண்டிய இடத்தில் பியானோ தாறுமாறாக அடிக்கிறது!

பதில்: டிரம்ஸை 10-ஆம் சேனலில் வைக்காமல் விட்டிருப்பீர்கள். ஜெனரல் மிடி (எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்ற பொது ஒப்பந்தம்) விதிப்படி அந்தச் சேனல் தாளத்துக்கு மட்டும். அங்கே மாற்றுங்கள், போதும்.

கேள்வி: ஃப்ளூயிட்சின்த்தில் எடுத்தால் சத்தம் ரொம்பக் குறைவு. கூட்டினால் கரகரக்கிறது.

பதில்: அதன் கெய்ன் (ஒலிப்பெருக்க அளவு) 0.2 என்று வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது, பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் சேரும்போது உச்சி முட்டி வெட்டுப்படாமல் இருக்க. ஒற்றைப் பியானோவுக்கு 0.6 வரை ஏற்றிப் பாருங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்றால் அப்படியே விட்டு, வேவ் வந்த பிறகு ஆடாசிட்டியில் நார்மலைஸ் செய்து சத்தத்தை வெட்டுப்படாத அளவுக்கு ஏற்றுங்கள் (அதற்கு இங்கே வேலை உண்டு). முதலிலேயே வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு குறைத்தாலும் கரகரப்பு போகாது.

கேள்வி: இப்படி எடுத்த இசையை விற்கலாமா? மென்பொருள் ஜிபிஎல் (மாற்றி வெளியிட்டாலும் திறந்தே வைக்கச் சொல்லும் உரிமம்) என்கிறார்களே, என் பாட்டும் ஜிபிஎல் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. டிமிடிட்டியின் உரிமம் அந்த நிரலுக்குத்தான், அது எழுதித் தரும் வேவுக்கு அல்ல. பார்க்க வேண்டியது சவுண்ட்ஃபான்டின் உரிமம், ஏனென்றால் உங்கள் கோப்பில் கேட்பது அந்தப் பதிவுகள். ஃப்ளூயிட்ஆர்3 எம்ஐடி உரிமத்தில் வருகிறது, கவலையில்லை. யார் செய்தது என்றே தெரியாமல் சுற்றும் எஸ்எஃப்2 கோப்புகளில் விலையுள்ள தொகுப்புகளிலிருந்து உருவிய ஒலிகளும் இருக்கலாம், விற்பனைக்கு என்றால் தொடாதீர்கள். மெட்டு வேறொருவருடையது என்றால் அந்த உரிமை தனிக் கதை.

கேள்வி: எம்பி3-யை மிடியாகத் திருப்ப முடியுமா?

பதில்: ஒற்றை வாத்தியம் என்றால் ஓரளவுக்கு. ஸ்பாட்டிஃபை 2022-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட பேசிக் பிட்ச் என்ற கருவி இருக்கிறது, போட்டுப் பாருங்கள். பாடகர், டிரம்ஸ், வயலின் எல்லாம் கலந்த பாட்டைக் கொடுத்தால் வருவதைத் திருத்துகிற நேரத்தில் காதால் கேட்டு நீங்களே வாசித்துவிடலாம்.