வாசகர் கேள்வி–பதில்: சுவர் வெடித்தால் கடன் கொடுத்த வங்கியிடம் போகலாமா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் கழிவுநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியதில் நான்கு வீட்டுச் சுவர்கள் வெடித்துவிட்டன. ஒப்பந்தகாரர் "பழைய வெடிப்பு" என்கிறார். வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கும் வேலையாம். வங்கியிடம் முறையிட்டால் நட்டஈடு கிடைக்குமா?
– வாசகி, கிருலப்பனை

பதில்: முறையிடலாம். ஆனால் அது நீதிமன்றமல்ல. தொகை விதித்துத் தீர்ப்புத் தராது.

முதலில் எந்த வங்கி என்று பாருங்கள். வேலைத்தளப் பலகையில் இல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், வேலையை நடத்தும் நிறுவனத்திடம் கடன் இலக்கம், கடன் முடிவுத் திகதி, சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம் மூன்றையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கிடங்கு வெட்டுமுன் பக்கத்து வீடுகளைப் படமெடுத்து வைக்கும்படி அந்தத் திட்டத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்தப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். "பழைய வெடிப்பு" என்ற பேச்சு அங்கேயே தெளிந்துவிடும்.

நீங்களும் சும்மா இருக்கவேண்டாம். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். பக்கத்தில் ஐந்து ரூபாக் குற்றியை வைத்து, வாராவாரம் ஒரே இடத்தில் நின்று படமெடுங்கள்.

வங்கி ஆசிய அபிவிருத்தி வங்கி என்றால், திட்டத்தின் குறைதீர் குழுவுக்கும் வங்கியின் கொழும்பு அலுவலகத்துக்கும் முதலில் எழுதுங்கள். பிரதியில் கிடைத்ததற்கான முத்திரை வாங்க மறக்கவேண்டாம். இந்தப் படியைத் தாண்டிப் போகும் மனுக்கள்தான் அதிகம் திரும்பி வருகின்றன. பதில் சரியில்லையென்றால் மணிலாவிலுள்ள முறைப்பாடு பெறும் அலுவலருக்கு எழுதலாம். அங்கே இரண்டு வழி. ஒன்று, நடுவர் வைத்துப் பேசித் தீர்ப்பது. சுவர் திருத்த வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள். மற்றது, வங்கி தன் விதிகளைத் தானே மீறியதா என்ற விசாரணை. அதில் ஒப்பந்தகாரரோ அரசாங்கமோ விசாரிக்கப்படுவதில்லை. கொழும்பு–மாத்தறை அதிவேக வீதி பற்றி 2004இல் போன முறைப்பாட்டுக்கு 2005இல் விசாரணை அறிக்கை வந்தது; பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்ற கண்காணிப்பு அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டது. வேகமான வழி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: தனி ஆளாக, பெயர் போடாமல் தமிழில் எழுதலாமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: தமிழில் எழுதலாம், மொழிபெயர்க்க நாள் எடுக்கும். மொட்டைக் கடிதத்தை ஏற்கமாட்டார்கள். ஆனால் பெயரைக் கொடுத்து, வெளியே விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆசிய அபிவிருத்தி வங்கியிலும் உலக வங்கியிலும் குறைந்தது இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும். தனியார் கம்பனிகளுக்குக் கடன் கொடுக்கும் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் என்றால் ஒருவர் போதும். கேள்விப்பத்திர ஊழல் இந்தப் பிரிவுகளின் வேலையல்ல, அதற்கு வேறு அலுவலகம் இருக்கிறது. காலக்கெடுவையும் கவனியுங்கள்: ஆசிய அபிவிருத்தி வங்கியில் கடன் முடிந்து இரண்டு வருடம், உலக வங்கியின் அண்மைய கடன்களுக்கு 15 மாதம். மேலே கடன் முடிவுத் திகதியைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.