சிவப்பு மையும் பதினோரு வருடத் தோழியும்

கேள்வி: எனக்கு வயது 32. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விருந்தில் நான் உற்சாகமாகப் பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒருவர், "அது அந்த வருஷம் இல்லை, அதுக்கு முந்தின வருஷம்" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் பதினோரு வருடத் தோழி அன்றைக்கே அவருக்கு 'சிவப்பு மை' என்று பெயர் வைத்தாள். அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன் அவர் என் அலுவலகத்தில், என் குழுவிலேயே வந்து சேர்ந்தார். இப்போது நாங்கள் காதலிக்கிறோம்! குழுவுக்கு வந்ததை மட்டும் தோழியிடம் சொன்னேன், காதலைச் சொல்லவில்லை. அவளுக்குத் திருமணமாகிக் குழந்தை பிறந்த பிறகு எங்கள் பேச்சே குறைந்துவிட்டது. போன வாரம், "சிவப்பு மை இப்போ யாரைத் திருத்திட்டிருக்கார்?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது?

பதில்: இடம் போதாமல் உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம், மன்னியுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் அவரைப் பற்றி ஆறே வரிகள்தான், மீதியெல்லாம் தோழி. அதனால் இதைக் காதல் கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. காதல் நன்றாகத்தான் நடக்கிறது போலிருக்கிறது.

முதல் நாளே அவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவுகட்டியதற்காக நீங்கள் ரொம்பவும் வெட்கப்படுகிறீர்கள். அது தேவையில்லை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946-ல் ஒரு சோதனை செய்தார். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை சொல்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். சிலருக்கு இந்த வரிசையிலும், சிலருக்குத் தலைகீழாகவும் வாசித்துக் காட்டினார். புத்திசாலியில் தொடங்கியவர்களுக்கு, சில குறைகள் இருந்தாலும் அவர் திறமைசாலியாகத் தோன்றினார். பொறாமையில் தொடங்கியவர்களுக்கு அதே ஆள் சிக்கலான பேர்வழியாகத் தெரிந்தார். முதலில் காதில் விழுந்த சொல் பின்னால் வந்ததையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது பார்க்கிறவர் கண்ணுக்கும் பொருந்தும். உங்களுக்கு அன்று முதலில் காதில் விழுந்தது ஒரு திருத்தம், அதுவும் பத்துப் பேர் முன்னால். வேறு என்ன நினைத்திருப்பீர்கள்? அவரும் உங்களைச் 'சத்தக்காரி' என்று நினைத்ததாக ஒப்புக்கொண்டாராமே. கணக்கு சரியாகிவிட்டது.

இன்னொன்று, முதல் அபிப்பிராயம் எப்போதும் தப்பு என்றும் இல்லை. என் நெருங்கிய சிநேகிதியை முதன்முதலில் பார்த்தபோது, 'என் குடையை எடுத்துக்கொண்டு போனது இவள்தான்' என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டுதான் போயிருந்தாள்.

உங்களவரும் அப்படித்தான். அவர் திருத்துகிற ஆள், இன்றும் திருத்துகிறார். "உன்னை பார்க்கணும் போல இருக்கு" என்று நீங்கள் அனுப்பிய மெசேஜுக்கு, விட்டுப்போன ஒற்றைப் போட்டுத் திருப்பி அனுப்பினாராம். இதைப் படித்துவிட்டு அரைநாள் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று நீங்கள் பார்த்தது உண்மை. அதற்குத் திமிர் என்று காரணம் சொல்லிக்கொண்டது மட்டும்தான் பிசகு.

சரி, தோழிக்கு வருவோம். இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த விஷயங்கள் என்று கடிதத்தில் மூன்று சொல்கிறீர்கள். இரண்டு கல்லூரிக் காலத்துப் பழசு. புதிதாகச் சேர்ந்தது 'சிவப்பு மை' ஒன்றுதான். குழந்தை அழுகைக்கும் உங்கள் மீட்டிங்குக்கும் நடுவே கிடைக்கிற பத்து நிமிடத்தில், உடனே பழைய மாதிரி ஆகிவிட உங்களுக்கு இருக்கிற ஒரே குறுக்குவழி அது. அதையும் எடுத்துவிட்டால் பேச என்ன மிஞ்சும் என்றுதான் பயப்படுகிறீர்கள். தோழி கோபிப்பார் என்பது உங்கள் நிஜமான பயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் கசப்பாகவும் ஒன்று சொல்கிறேன். காதல் ஒன்று வரும்போது, நெருங்கிய வட்டத்திலிருந்து சராசரியாக இருவர் தள்ளிப்போய்விடுகிறார்கள் என்று ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் சொல்கிறார். நேரம் அவ்வளவுதான், யாரும் துரோகம் செய்யவில்லை. தோழிக்குத் திருமணமானபோது தள்ளிப்போன இருவரில் நீங்கள் ஒருவர். அந்த வருத்தத்தை நீங்கள் எழுதவில்லை. ஆனால் "அவளும்தான் எனக்குக் கடைசியில் சொன்னாள்" என்று ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மறைத்ததில் பழிக்குப் பழி கொஞ்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

மெசேஜில் சொல்லாதீர்கள். குழந்தை தூங்கும் நேரமாகக் கேட்டுக்கொண்டு போன் செய்யுங்கள், உங்களவர் பக்கத்தில் இல்லாதபோது. "சிவப்பு மையைப் பற்றி ஒண்ணு சொல்லணும், முதல்ல நீ சிரிச்சு முடிச்சுடு" என்று ஆரம்பித்தால் போதும். தோழி சிரிப்பார், அப்புறம் "எத்தனை மாசமா?" என்று கேட்பார். வலிக்கப்போவது அந்த இடத்தில்தான். மாதத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உங்களவர் எவ்வளவு நல்லவர் என்று அப்போது வாதாடவும் வேண்டாம். உங்களுக்கே மாதக்கணக்கில் தினமும் பார்த்துத்தான் மனம் மாறியது, தோழியோ அவரை ஒரே ஒரு மாலைப் பொழுது பார்த்தவர். அறிமுகம் என்கிற நிலையிலிருந்து சாதாரண நட்பாவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்பவரின் 2018 ஆய்வு சொல்கிறது. நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல். தோழிக்கு அந்த மணிகளைக் கொடுங்கள். முதல் சந்திப்பிலேயே இருவரையும் ஒட்டவைக்கப் பார்த்தால் மூவருக்கும் மூச்சு முட்டும்.

பட்டப்பெயரை அவரிடம் சொல்வதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் பெயர் வைத்தவரே சொல்லட்டும். தோழிக்கு இதில் ஒரு வேலை இருக்கட்டுமே.

மற்றபடி, அந்த மெசேஜ் விஷயத்தில் நான் அவர் கட்சி. 'உன்னைப் பார்க்க' என்பதில் ப் வரும்.